விருந்து வைப்பவரைப் பாருங்கள்: ‘போரும் வாழ்வும்’ படிக்க ஒரு வழி

பெரிய நாவல்களைப் பாதியில் விட்டேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பாதி வரைக்கும் போயிருக்க மாட்டார்கள். முதல் சில அத்தியாயங்களிலேயே மூடி வைத்திருப்பார்கள். லியோ டால்ஸ்டாயின் மிகப் பெரிய நாவலுக்கு இது அடிக்கடி நடக்கிறது. 1865இல் ஒரு பத்திரிகையில் வரத் தொடங்கி 1869இல் நூலாக முழுமையடைந்த அந்த நாவலை, டி.எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். தலைப்பில் போர் இருக்கிறது. திறந்தால் ஒரு சீமாட்டியின் வரவேற்பறைதான் இருக்கிறது. விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று பெயர். யார் யாரென்று பிடிபடுவதற்குள் வேறு நகரத்தில் வேறு வீடு, அங்கேயும் விருந்து. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்தில் இதை எடுத்தபோது இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், சண்டை எப்ப வரும்?”

நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த விருந்துகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால், பல நூறு பக்கம் தாண்டி நெப்போலியனின் பிரெஞ்சுப் படை மாஸ்கோவை நெருங்கும்போது யார் என்ன செய்வார் என்பது ஓரளவு இங்கேயே தெரிந்துவிடும்.

பலர் ஒரு வீட்டில் கூடும் காட்சியை நாவலாசிரியர் எழுதுவதற்கு ஒரு வசதியான காரணம் உண்டு. பத்துப் பேரைத் தனித்தனியாக அறிமுகம் செய்வதைவிட ஒரே கூடத்தில் சேர்த்து நிறுத்துவது எளிது. ஆனால் அதைவிட முக்கியமான காரணம் வீட்டுக்காரர். ஒரு கூடத்துக்குள் எதைப் பேசலாம், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதையெல்லாம் அவர்தான் தீர்மானிக்கிறார். வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிடும். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு விருந்தும் ஒரு மனிதர் நடத்தும் சின்ன அரசாங்கம். இரண்டு விருந்துகளை அடுத்தடுத்து வைத்தால் இரண்டு ஆட்சிகளை நாம் ஒப்பிடலாம். எழுத்தாளர் எந்தத் தீர்ப்பும் சொல்லவேண்டியதில்லை.

இது நமக்குப் பழக்கமில்லாத விஷயம் அல்ல. நம் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். கோயில் திருவிழாவில் துரைக்கு எந்த இடத்தில் நாற்காலி போட்டார்கள், தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுக் கல்யாணத்தில் யார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள், லயத்து ஆட்களுக்கு எப்போது இலை விழுந்தது என்பதையெல்லாம் பெரியவர்கள் இன்றைக்கும் நினைவு வைத்துச் சொல்வார்கள். சாப்பாடு என்ன என்பது மறந்துபோயிருக்கும். இன்றைய தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பிலும் கவனித்துப் பாருங்கள். யாருக்காக வீட்டுக்காரர் வாசல் வரை எழுந்து வருகிறார், யாரிடம் உட்கார்ந்தபடியே “சாப்டீங்களா” என்று கேட்கிறார் என்று பார்த்தாலே போதும். அதே கண்ணோடு டால்ஸ்டாயிடம் போகலாம்.

முதல் விருந்து 1805 ஜூலையில், பீட்டர்ஸ்பர்க் நகரத்தில். வைப்பவர் அன்னா பாவ்லவ்னா ஷெரர், பேரரசி மரியா ஃபியோதரவ்னாவின் அரண்மனைத் தோழி. சில நாட்களாக அவருக்கு இருமல், காய்ச்சல். ஆனாலும் அன்று காலையில் சிவப்புச் சீருடை அணிந்த வேலையாள் வீடு வீடாகப் போய் அழைப்புச் சீட்டு கொடுத்திருக்கிறான். முதலில் வந்து சேர்பவர் இளவரசர் வசீலி குராகின். பேச்சு முழுவதும் பெரும்பாலும் பிரெஞ்சில். ஜெனோவாவும் லூக்காவும் நெப்போலியன் குடும்பத்துச் சொத்தாகிவிட்டன என்று அன்னா பாவ்லவ்னா கொதிக்கிறார். பிரெஞ்சுக்காரனைத் திட்டுவதற்கும் பிரெஞ்சு மொழியே தேவைப்படுகிறது. டால்ஸ்டாய் இதற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை, அப்படியே வைத்துவிட்டு நகர்கிறார்.

விருந்தாளிகள் கூடியதும் அன்னா பாவ்லவ்னா என்ன செய்கிறார்? நூற்பாலையில் கதிர்கள் சரியாகச் சுழல்கின்றனவா, எங்காவது நின்றுவிட்டதா, வழக்கமில்லாத சத்தம் கேட்கிறதா என்று நடந்து நடந்து பார்க்கும் மேற்பார்வையாளரைப் போல அவர் கூடத்தைச் சுற்றி வருகிறார் என்று எழுதுகிறார் டால்ஸ்டாய். பால்மரத் தோட்டத்தில் நிரை நிரையாகப் போய்ப் பார்த்து வரும் மண்டோரை நினைத்துக்கொள்ளுங்கள், படம் தெளிவாகிவிடும். எந்தக் குழுவில் பேச்சு ஓய்கிறதோ அங்கே போய் ஒரு வார்த்தை போடுகிறார். எங்கே குரல் உயர்கிறதோ அங்கே ஆளைப் பிரித்து வேறு பக்கம் அனுப்புகிறார். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், ஆனால் யாரும் எதையும் உண்மையாகப் பேசிவிடக் கூடாது. அவர் காவல் காப்பது அதைத்தான்.

அந்தக் கூடத்தில் ஒரு மூலையில் வயதான அத்தை ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வருகிற ஒவ்வொருவரையும் அவரிடம் அழைத்துப் போகிறார்கள். யாருக்கும் அவரைத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அத்தையும் ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியங்களைத்தான் சொல்கிறார்: உங்கள் உடம்பு எப்படி, என் உடம்பு எப்படி, மகாராணியின் உடம்பு இன்றைக்குத் தேவலை. கடமை முடிந்ததும் விருந்தாளி நகர்ந்துவிடுகிறார், பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

இந்த இடத்தில்தான் பியேர் வருகிறான். பெரும் பணக்காரரான பெசூகவ் பிரபுவுக்கு முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, வெளிநாட்டில் படித்து இப்போதுதான் திரும்பியிருக்கிறான். அன்னா பாவ்லவ்னா அவனுக்கு ஒரு தலையசைப்பு தருகிறார். தம் வீட்டுக்கு வரும் மிகக் கீழ்நிலை ஆட்களுக்கென்று அவர் வைத்திருக்கும் தலையசைப்பு அது. ஆளுக்கு ஏற்றபடி தலையசைப்பு அளந்து தரப்படுகிறது என்பதை மறக்காதீர்கள், அடுத்த விருந்தில் இது தேவைப்படும். பியேர் அத்தையின் பேச்சு முடியும் முன்பே எழுந்துபோகிறான். அப்புறம் இன்னொருவரைப் போகவிடாமல் நிறுத்தி வைத்துத் தன் கருத்தைச் சொல்கிறான். நெப்போலியனுக்கு ஆதரவாகவும் பேசுகிறான். கிளம்பும்போது தன் தொப்பிக்குப் பதிலாக ஒரு தளபதியின் தொப்பியை எடுத்துக்கொண்டு நிற்கிறான். அவன் உள்ளே நுழைந்ததும் வீட்டுக்காரியின் முகத்தில் பயம் தெரிந்தது என்கிறார் டால்ஸ்டாய். அவனுடைய பருமனைப் பார்த்து வந்த பயம் அல்ல, அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அவன் மட்டும்தான் இயல்பாக, கவனிக்கும் கண்ணோடு இருந்தான்.

இன்னொரு விருந்தாளியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரும் அன்னா, அன்னா மிகைலவ்னா துருபெத்ஸ்காயா. பழைய பெருமையுள்ள குடும்பம், கையில் காசில்லை. இளவரசர் வசீலியைப் பிடிப்பதற்காகவே வந்திருக்கிறார். மகன் போரிஸை மெய்க்காவல் படையில் சேர்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். வசீலிக்கு விட்டுப் போனால் போதும் என்றிருக்கிறது. செல்வாக்கு என்பது முதலீடு, எல்லோருக்கும் கேட்டுக்கொண்டே இருந்தால் தனக்குத் தேவைப்படும்போது மிச்சம் இருக்காது என்பது அவர் கணக்கு. கடைசியில் ஒப்புக்கொள்கிறார். தன் ஆரம்ப நாட்களில் அந்த அம்மாவின் தந்தை உதவியதை மறுக்க முடியவில்லை. மறுத்தாலும் விடமாட்டார் என்பதும் தெரிகிறது. வாக்கைக் காப்பாற்றுகிறார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாய் ஒரு வயதான பெண்ணாக எல்லோர் நடுவிலும் நின்று சிரித்துக் கெஞ்சவேண்டியிருந்ததே, அதை டால்ஸ்டாய் நம்மைப் பார்க்கவைக்கிறார்.

இதே அம்மா அடுத்த விருந்திலும் இருக்கிறார். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

மாஸ்கோவில் ரோஸ்தவ் குடும்பத்தின் வீடு. நத்தாலியா என்ற புனிதப் பெண்மணியின் திருநாள். அம்மாவுக்கும் சின்ன மகளுக்கும் அதே பெயர் என்பதால் இருவருக்கும் அன்று பெயர்நாள் விழா. காலையிலிருந்து வண்டிகள் வந்து போகின்றன. வீட்டுக்காரர் இலியா ரோஸ்தவ் பிரபு ஒவ்வொருவரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டு, “வந்ததுக்கு ரொம்ப நன்றி, சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரணும், வராட்டா மனசு வருத்தப்படுவேன்” என்கிற பாணியில் சொல்கிறார். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான். அப்படியானால் அத்தையின் வாக்கியங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்வியில் கொஞ்ச நேரம் நிற்கலாம், ஏனென்றால் விருந்துக் காட்சியைப் படிக்கும் கலை முழுவதும் இதில்தான் இருக்கிறது. சடங்கு வார்த்தை இரண்டு வீட்டிலும் உண்டு. சடங்கு இருந்தாலே போலி என்று முடிவு கட்டினால் டால்ஸ்டாயைத் தவறவிட்டுவிடுவோம். ரோஸ்தவ் பிரபு அதே வாக்கியத்தை, அதே முகத்தோடு, அதே அழுத்தமான கைகுலுக்கலோடு, தமக்கு மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் துளி மாற்றமில்லாமல் சொல்கிறார். பீட்டர்ஸ்பர்க்கில் தலையசைப்புக்குத் தர வரிசை இருந்தது. இங்கே இல்லை. வார்த்தை பழசானாலும் கை எல்லோருக்கும் ஒரே அளவு அழுத்தமாகக் கிடைக்கிறது. எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த மனிதர்களில் ஒருவராக இவர் ஆனது இந்த ஒரு பத்தியால்தான்.

வரவேற்பறையில் பெரியவர்கள் உட்கார்ந்து சம்பிரதாயமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கதவைத் தள்ளிக்கொண்டு பதின்மூன்று வயது நதாஷா ஓடி வருகிறாள். பாவாடை மடிப்புக்குள் பொம்மையை மறைத்து வைத்திருக்கிறாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா கண்டிக்கிறார், அப்பா கையை விரித்து “இதோ எங்கள் விழா நாயகி” என்று வாரிக்கொள்கிறார். பிறகு பெரிய விருந்து. மேசையில் எண்பது பேருக்கு இடம் போட்டிருக்கிறது. பெரியவர்கள் போரைப் பற்றிக் காரசாரமாகப் பேசும் நேரத்தில் நதாஷா எழுந்து, “அம்மா, இனிப்பு என்ன?” என்று ஊரே கேட்கக் கேட்கிறாள். மரியா திமித்ரியெவ்னா என்ற அம்மாளுக்கு மாஸ்கோவே பயப்படும். அவர் விரலை ஆட்டி மிரட்டுகிறார். நதாஷா விடுவதில்லை. கேரட் ஐஸ்கிரீம் என்கிறார்கள், நம்ப மறுக்கிறாள். அன்னாசி ஐஸ்கிரீம் என்று உண்மையை வாங்கிய பிறகுதான் அடங்குகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்னா பாவ்லவ்னா வீட்டில் பேச்சின் ஒழுங்கைக் கலைத்தவனைப் பார்த்துப் பயந்தார்கள். இங்கே ஒழுங்கைக் கலைத்த குழந்தையால்தான் விருந்து களைகட்டுகிறது.

இப்போது அந்த அன்னா மிகைலவ்னாவிடம் திரும்புவோம். ரோஸ்தவ் சீமாட்டியும் அவரும் சிறுவயதுத் தோழிகள். போரிஸின் சீருடைக்குப் பணமில்லை என்பது பேச்சோடு பேச்சாக வெளிவருகிறது. சீமாட்டி கணவரிடம் 500 ரூபிள் கேட்கிறார். கணவர் கணக்குப் பார்க்கும் மித்யென்காவைக் கூப்பிட்டு, 700 கொண்டுவா, கிழிந்த அழுக்கு நோட்டாக இல்லாமல் நல்ல நோட்டாகக் கொடு என்கிறார். எதற்கு என்றுகூடக் கேட்பதில்லை. சீமாட்டி கைக்குட்டைக்குக் கீழிருந்து பணத்தை எடுத்து நீட்டும்போது இருவரும் அழுகிறார்கள். சிறுவயதிலிருந்து தோழிகளாக இருந்தும் இப்படிப் பணத்தைப் பற்றி யோசிக்கவேண்டியிருக்கிறதே என்றும், இளமை போய்விட்டதே என்றும் அழுதார்கள், ஆனால் அந்தக் கண்ணீர் இருவருக்கும் இதமாக இருந்தது என்று எழுதுகிறார். ஒரே தாய், ஒரே மகன், ஒரே தேவை. ஒரு வீட்டில் கெஞ்சி வாங்கினார், இன்னொரு வீட்டில் கேட்பதற்கு முன்பே கையில் வைத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் அளந்து காட்ட முடியாது.

சரி, ரோஸ்தவ் வீடு நல்ல வீடு, அன்னா பாவ்லவ்னா வீடு கெட்ட வீடு என்று கோடு போட்டுவிடலாமா? அவசரப்படவேண்டாம். இரவு நடனத்தில் ரோஸ்தவ் பிரபு மரியா திமித்ரியெவ்னாவோடு சேர்ந்து ஆடும்போது வீட்டு வேலையாட்கள் எல்லாம் கதவுப் பக்கம் திரண்டு நின்று பார்க்கிறார்கள். தங்கள் எஜமானர் ஆடுவதில் அவர்களுக்கும் சந்தோஷம். டால்ஸ்டாய் அதை அன்போடுதான் எழுதுகிறார். ஆனாலும் தோட்டத்தில் வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்த நாம் அந்தக் கதவுப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்போம். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது 1861இல்தான். எண்பது இலைக்கும் உழைத்தவர்கள் கூலி வாங்கிய வேலையாட்கள் அல்ல, சொத்துக் கணக்கில் எழுதப்பட்ட மனிதர்கள். அந்த 700 ரூபிளும் அவர்கள் உழைப்புதான். எங்கள் வட்டத்தில் வயதான ஓர் அம்மா இதை எடுத்துச் சொன்னபோது விவாதம் வெகுநேரம் போனது. ரோஸ்தவ் பிரபுவின் தாராளத்தை ரசிப்பதும், அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பதும் இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம். டால்ஸ்டாயும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கணக்கே பார்க்காத இந்தக் கை குடும்பத்தையே கடனில் மூழ்கடிக்கிறது. பிரபு இறந்தபின் மகன் நிக்கலாய் அந்தக் கடனைச் சுமக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. ரோஸ்தவ் வீட்டில் ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில் வேறொரு மாளிகையில் பியேரின் தந்தை சாகக் கிடக்கிறார், உறவினர்கள் சொத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இங்கே ஆறாவது நடனம் நடந்துகொண்டிருந்தபோது அங்கே அவருக்கு ஆறாவது முறையாக வாதம் தாக்கியது என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு வீட்டையும் கட்டிவிடுகிறார். மரணப் படுக்கையைச் சுற்றிக் கூடுவதும் ஒரு கூட்டம்தான், அங்கே வீட்டுக்காரர் பேச முடியாமல் கிடக்கிறார்.

நாவலில் வேறு விருந்துகளும் உண்டு. ரோஸ்தவ் வீட்டு மூத்த மகள் வேராவும் அவள் கணவர் பெர்க்கும் புதுக்குடித்தனத்தில் வைக்கும் விருந்து சின்னது. எல்லா வீட்டு விருந்தும் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. மெழுகுவத்தி, தேநீர், வெள்ளிக் கூடையில் பணியாரம், ஆண்கள் பக்கம் கொஞ்சம் அரசியல் விவாதம். எல்லாம் மற்ற வீடுகளைப் போலவே அமைந்ததும் பெர்க்கின் முகம் மலர்கிறது. அவர் காப்பது அந்த ஒரே மாதிரித்தன்மையைத்தான்.

அதற்கு நேர் எதிர், வேட்டை முடிந்த ஒரு மாலையில் ‘மாமா’ என்று எல்லோரும் அழைக்கும் தூரத்து உறவினரின் கிராமத்து வீடு. முன்கூட்டியே அனுப்பிய அழைப்புச் சீட்டு எதுவும் இல்லை, களைத்துப்போய் நுழைகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அனீஸ்யா காளான், தேன், கொட்டைகள், கோழி, மூலிகை மது என்று தன் கையால் செய்ததையெல்லாம் கொண்டுவந்து அடுக்குகிறாள். வேலையாள் ஒருவன் பலலாய்க்கா என்ற ரஷ்ய நரம்பு வாத்தியத்தை வாசிக்க, மாமா கிட்டாரை எடுக்கிறார். பிரெஞ்சு ஆசிரியையிடம் வளர்ந்த நதாஷா எழுந்து, யாரும் சொல்லித்தராத நாட்டுப்புற ஆட்டத்தை ஆடுகிறாள். இந்தப் பெண் இதை எங்கே, எப்போது கற்றாள் என்று டால்ஸ்டாயே வியந்து கேட்கிறார். பட்டிலும் வெல்வெட்டிலும் வளர்ந்த இந்தச் சீமாட்டிக்குத் தன் மனம் எப்படிப் புரிந்தது என்று அனீஸ்யா சிரித்துக்கொண்டே கண்கலங்குகிறாள். என்னைக் கேட்டால், முழு நாவலிலும் சிறந்த விருந்து இதுதான். இங்கே யாரும் எதையும் காவல் காக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் நதாஷா, இப்போது இருப்பதுபோல இனி ஒருபோதும் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கமாட்டேன் என்று தனக்குத் தெரியும் என்கிறாள்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 1812 ஆகஸ்ட் 26, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி. நெப்போலியன் படையோடு மோதிய பொரதினோ களத்தில் பல்லாயிரம் பேர் மாய்கிற நாள். அதே நாளில் பீட்டர்ஸ்பர்க்கில் அன்னா பாவ்லவ்னா விருந்து வைக்கிறார். பேராயர் ஒருவர் பேரரசருக்கு எழுதிய கடிதத்தை இளவரசர் வசீலி உணர்ச்சி ததும்ப வாசிக்கிறார். ஏழு ஆண்டுக்குப் பிறகும் கூடம் அதேபோல ஓடுகிறது. ரஷ்யத் திருச்சபை நாட்காட்டியில் நத்தாலியாவின் திருநாள் ஆகஸ்ட் 26தான். ரோஸ்தவ் வீட்டில் எண்பது பேருக்கு மேசை போட்ட அதே தேதி. நாவல் இதைக் கோடிட்டுக் காட்டுவதில்லை, தெரிந்து படிப்பவருக்கு நெஞ்சு கனத்துவிடும்.

சில நாளில் மாஸ்கோவைக் காலி செய்கிறார்கள். ரோஸ்தவ் வீட்டு முற்றத்தில் வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தெருவெல்லாம் காயம்பட்ட வீரர்கள். வண்டியில் இடம் கேட்கிறார்கள். பிரபுவுக்கு மறுக்க மனமில்லை, சில வண்டிகளைக் காலி செய்யச் சொல்கிறார். பிள்ளைகளுக்கென்று மிச்சமிருப்பதே இந்தச் சாமான்தான் என்று மனைவி தடுக்கிறார். அந்த நேரம் மருமகன் பெர்க் வந்து சேர்கிறார். பக்கத்தில் ஓர் அழகான அலமாரி மலிவாகக் கிடைக்கிறது, வேராவுக்கு ரொம்ப நாள் ஆசை, தூக்கிவர உங்கள் ஆட்களில் ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். நதாஷா புயலாக அம்மாவிடம் ஓடி, இது கேவலம், இப்படிச் செய்யக்கூடாது என்று கத்துகிறாள். அம்மா இறங்கிவருகிறார். சாமானை இறக்கிவிட்டுக் காயம்பட்டவர்களை ஏற்றுகிறார்கள். விருந்து நடுவில் எழுந்து இனிப்பு என்ன என்று கேட்ட அதே பெண், கேட்கவிட்ட அதே வீடு.

நீங்களாகவே முயன்று பார்க்க ஒரு விருந்தை விட்டுவைத்திருக்கிறேன். பியேரின் மனைவி எலேன் பீட்டர்ஸ்பர்க்கில் நடத்தும் வரவேற்பறை. ஊரே அவளை அறிவாளி என்று கொண்டாடுகிறது. அவள் அப்படியில்லை என்று பியேருக்குத் தெரியும், என்றைக்கு வெளிப்பட்டுவிடுமோ என்று அவன் ஒவ்வொரு மாலையும் தவிக்கிறான், வெளிப்படுவதே இல்லை. அவள் யாரை எப்படி வரவேற்கிறாள், எதைக் காக்கிறாள், அங்கே வருகிறவர்களுக்கு அவளிடமிருந்து என்ன வேண்டும் என்று குறித்துக்கொண்டே படியுங்கள். எங்கள் வட்டத்திலும் அடுத்து இந்தப் பகுதியைத்தான் எடுக்கிறோம். வாசிக்கும் பொறுப்பை அந்த மாணவியே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.